மூளைக் குருதிக்கசிவு: எந்நேரத்திற்கு எப்படம்?

தலையில் இடி விழுந்தாற்போல் ஒரு நொடியில் உச்சத்தைத் தொடும் வலி, பிடரி இறுக்கம், குமட்டல், சிலருக்கு உடனே மயக்கம். மூளையின் நாளப்புடைப்பு வெடித்ததற்கு இவையே முதற்குறிகள். கிருட்டினகிரி மாவட்டத்துப் பாரூர், போச்சம்பள்ளிப் பக்கத்து ஊர்களில் இவ்வலியைப் பித்தத் தலைவலி என்றோ வெயில் கொடுமை என்றோ கொண்டு, மாத்திரை விழுங்கிப் படுத்துவிடுவோர் உண்டு. அவ்வாறு கழியும் ஒவ்வொரு மணிநேரமும் நோயாளி உயிர்பிழைக்கும் வாய்ப்பை மட்டுமன்றி, நோயைக் காட்டவேண்டிய படத்தின் திறனையும் குறைக்கிறது. எந்தப் படக்கருவி சிறந்தது என்னும் வினாவுக்கு, வலி தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அறியாமல் எவராலும் விடை கூற இயலாது.

மூளையின் அடித்தளத்தில் தமனிகள் கிளைபிரியும் இடங்களில் நாளச்சுவர் நலிந்து, மிதிவண்டிக் குழாயின் தேய்ந்த பகுதி புடைப்பதுபோல் வெளித்தள்ளுகிறது. அனூரிசம் என்று மருத்துவர் வழங்கும் இப்புடைப்பு வெடித்தால், மூளையைச் சூழ்ந்த நீரில் குருதி பாய்கிறது. மீண்டும் வெடிக்கும் கேடு முதல் 24 மணிநேரத்தில்தான் மிகுதி. ஆகவே குருதி கசிந்ததா, எந்த நாளத்திலிருந்து கசிந்தது என்னும் இரு கேள்விகளுக்கும் விரைந்து விடை வேண்டும். ஒரே படம் இரண்டுக்கும் விடை தருவதில்லை.

முதற்கேள்விக்கு உரியது சாய மருந்து ஏற்றாத எளிய சி.டி. படம். 1971 அக்டோபரில் இலண்டனில் ஆவுன்சுபீல்டு உருவாக்கிய கருவி முதன்முதல் படமெடுத்ததே ஒரு நோயாளியின் தலையைத்தான். புதுக்குருதியில் செறிந்துள்ள ஈமோகுளோபின் ஊடுகதிரை மூளைத்திசுவைவிட மிகுதியாகத் தடுக்கிறது. வழக்கமாகக் கருமையாகத் தெரியும் அடித்தள நீர்க்குழிகள் அதனால் வெண்மையாகி, ஐந்து முனை விண்மீன் வடிவில் பளிச்சிடுகின்றன. கனடாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2011-இல் வெளியான பெரியதோர் ஆய்வில், வலி தொடங்கி 6 மணிநேரத்திற்குள் எடுத்த படங்கள் கசிவுற்ற ஒருவரையும் தவறவிடவில்லை. 6 மணிநேரம் கடந்தபின் எடுத்தவற்றிலோ, கசிவுற்றவரில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர் விடுபட்டனர். மூளைநீர் குருதியைக் கரைத்துக் கொண்டுசெல்கிறது, ஈமோகுளோபினும் சிதைகிறது. ஒரு வாரம் சென்றால் பாதிப் பேரிடமே கசிவு தென்படும்.

மற்றொன்றும் நம் மாவட்டத்தார் கருதத்தக்கது. கடும் குருதிச்சோகை உள்ளவரிடம் ஈமோகுளோபின் குறைவாதலால், கசிந்த குருதி மூளையின் நிறத்தோடு ஒன்றி மறைந்துவிடக்கூடும். மூளைக் குருதிக்கசிவோ ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியும் தாக்குகிறது. நம் பெண்களிடம் சோகையும் மிகுதி. அத்தகையோர்க்குப் படம் தெளிவாக இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புமுன் மருத்துவர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணவேண்டும்.

6 மணிநேரம் கடந்து, சி.டி. படத்திலும் ஒன்றும் தெரியாவிடில் என் செய்வது? முதுகில் ஊசியிட்டு மூளைநீர் எடுத்துப் பார்ப்பது பழைய முறை. இன்றும் நம்பத்தக்க முறை. சிதைந்த குருதியால் அந்நீரில் மஞ்சள்நிறம் படியச் சற்றேறக்குறைய 12 மணிநேரம் ஆகும். பின்னர் இரு வாரம் வரை அது நிலைக்கும். ஊசிக்கு அஞ்சி, கைநாளத்தில் சாய மருந்து ஏற்றிச் சி.டி. நாளப்படம் எடுப்போர் இன்று பலர். நிமிடங்களில் முடிவதும், பெரும்பாலான புடைப்புகளைக் காட்டுவதும் அதன் சிறப்பு. ஆயினும் வளர்ந்தோரில் நூற்றுக்கு மூவர் வெடிக்காத புடைப்பைச் சுமந்தே வாழ்கின்றனர். கசிவை உறுதிசெய்யாமல் நாளத்தை மட்டும் படமெடுத்தால், வெறும் ஒற்றைத் தலைவலிக்காரரிடமும் ஒரு புடைப்பு அகப்படும். அதனை வெடித்ததாகக் கருதித் தேவையற்ற அறுவைக்கு அழைத்துச் செல்ல நேரும். இவ்விடத்தில் ஊசிமுறையே மேல் என்பது என் துணிபு.

3 மில்லிமீட்டருக்குக் குறைந்த புடைப்புகளையும், மண்டையோட்டு எலும்பை ஒட்டியவற்றையும் சி.டி. நாளப்படம் சிலபோது தவறவிடும். அங்கே கைகொடுப்பது குழல்வழி நாளப்படம். மூளை நாளத்தில் சாயம் பாய்ச்சிப் படமெடுக்கும் முறையை 1927-இல் லிசுபனில் எகாசு மோனிசு தொடங்கிவைத்தார். இன்று தொடையிலோ மணிக்கட்டிலோ தமனிக்குள் மென்குழல் நுழைத்துக் கழுத்து நாளம் வரை செலுத்தி, சாயம் பாய்ச்சுமுன் ஒரு படமும் பாய்ச்சியபின் ஒரு படமும் எடுத்துக் கணினி கழிக்கும்போது, எலும்பு மறைந்து நாளம் மட்டும் எஞ்சுகிறது. அதே குழல்வழியே மென்கம்பிச் சுருள் செலுத்திப் புடைப்பை அடைத்துவிடவும் இயலும். ஆயினும் இம்முறையால் நூற்றில் ஒருவர்க்கும் குறைவானோர்க்கு நிலைத்த பக்கவாதம் நேரலாம். உயரிய கருவியும் தேர்ந்த கையும் வேண்டும். சென்னையில் 1950-இல் நரம்பியல் அறுவைத்துறையைத் தொடங்கிய மருத்துவர் பா. இராமமூர்த்தி, இந்தியாவில் இப்புடைப்புகள் அரிதாகவே காணப்படுகின்றன என்று 1969-இல் எழுதினார். சி.டி. கருவி நாடெங்கும் பரவியபின் இந்நோயாளிகள் நம் மருத்துவமனைகளில் அன்றாடம் காணப்படுகின்றனர். படமெடுக்காத இடத்தில் நோய் அரிதாகவே தோன்றும்.

எம்.ஆர்.ஐ. முறைக்கு ஊடுகதிர் வேண்டா. ஓடும் குருதியையே அடையாளமாகக் கொண்டு, சாயமின்றியும் அது நாளத்தைக் காட்டும். நாள்பட்ட கசிவைச் சி.டி.யைவிட நன்கு காட்டவும் வல்லது. ஆனால் நெடுநேரம் அசையாமல் கிடக்கவேண்டும். வலியில் புரளும் நோயாளிக்கு அது அரிது. ஓசூர்த் தொழிற்கூடங்களில் கடைசல், அரைப்பு வேலை செய்தோர் கண்ணில் நுண்ணிய இரும்புத்துகள் தங்கியிருக்கலாம். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் அதனை இழுத்தால் பார்வை போகும். வேலை யாது என்று கேட்காமல் எந்தத் தொழிலாளியையும் அக்கருவிக்குள் அனுப்பலாகாது.

கிருட்டினகிரியில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஓசூரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அந்நகரின் ஓசூர்ச் சாலையிலேயே மூளை, நரம்பு நோய்களுக்கான நிமான்சு மருத்துவமனை இருக்கிறது. இம்மாவட்டத்து நோயாளி ஒரு மருத்துவமனையில் முதற்படம் எடுத்து, எல்லை கடந்து மற்றொன்றில் பண்டுவம் பெறுவது இயல்பு. அந்நிலையில் அச்சிட்ட படத்தாள் மட்டும் போதாது. அதில் உள்ளவை தேர்ந்தெடுத்த சில வெட்டுகளே. நாளத்தை முப்பரிமாணத்தில் மீட்டெடுக்க எல்லா வெட்டுகளும் அடங்கிய குறுந்தட்டு வேண்டும்.

வீட்டில் எவருக்கேனும் இத்தகைய வலி வந்தால் தைலம் தேய்த்துக் காத்திராதீர்கள், 108-ஐ அழையுங்கள். வலி தொடங்கிய மணியை ஒரு தாளில் குறித்து மருத்துவரிடம் கொடுங்கள். வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால், குறுந்தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டே வண்டியேறுங்கள்.