க்விபி: பத்து நிமிடத் திரையின் எட்டு மாத வாழ்வு

ஹாலிவுட் தயாரிப்பாளர் ஜெஃப்ரி காட்சன்பெர்க் நிறுவி, இபே நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மெக் விட்மன் பொறுப்பேற்று நடத்திய க்விபி, ஏறத்தாழ 175 கோடி டாலர் முதலீட்டைத் திரட்டி 2020 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்ட்ரீமிங் சேவை, அதாவது இணையம் வழியே படம் வரவரப் பார்க்கச் செய்யும் சேவை ஆகும். வெளியே செல்வோர் கிடைத்த இடைவெளியில் கைபேசியிலேயே பார்த்து முடிக்கத்தக்கவாறு ஒவ்வொரு பகுதியும் பத்து நிமிடங்களுக்குள் அமைக்கப்பட்டது. கைபேசியைச் செங்குத்தாகப் பிடித்தால் ஒரு சட்டகமும், கிடையாகத் திருப்பினால் வேறொரு சட்டகமும் தோன்றும்படி ஒரே காட்சி இருவகையாகத் தொகுக்கப்பட்டது. நுட்பம் பாராட்டத்தக்கதே. ஆனால், பெருந்தொற்றால் பயணங்கள் நின்று, மக்கள் வீட்டில் பெரிய திரையின் முன் அடைந்துகிடந்த அவ்வேளையில், இதைத் தொலைக்காட்சியில் காணத் தொடக்கத்தில் வழியே இல்லை. காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பருக்கு அனுப்பவும் இயலாததால், செலவில்லாத வாய்மொழி விளம்பரமும் கைநழுவியது. நிறுவனர் பழியைத் தொற்றின்மீது போட்டார். எனினும், யூடியூபும் டிக்டாக்கும் குறுங்காணொளிகளை இலவசமாக அள்ளி வழங்கும்போது, விளம்பரங்களையும் காட்டிவிட்டு மாதம் 4.99 டாலர் கேட்டதே வலுவான காரணம் எனலாம். அக்டோபரில் மூடல் அறிவிக்கப்பட்டு டிசம்பரில் சேவை நின்றது. மறு ஆண்டு அதன் நிகழ்ச்சிகளை வாங்கிய ரோகு நிறுவனம், அவற்றைத் தொலைக்காட்சியில் இலவசமாகவே ஒளிபரப்பியது.