குடலுக்கு ஓர் உறைமோர்

பால்கோவாவுக்குப் பேர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பக்கத்து ராஜபாளையத்திலும் அடுத்த வீட்டு உறைமோரின் அருமையை அறியாத இல்லம் இராது. உறை நன்றாயிருந்தும் பாலின் பதம் தவறினால் தயிர் தோயாது. நாம் கூறப்புகும் நூதன சிகிச்சைக்கும் இதுவே நியாயம்.

'ஆண்டிபயாடிக்' மருந்துகள் நோய்க்கிருமிகளுடன் குடலிலுள்ள நற்கிருமிகளையும் மாய்த்துவிடுகின்றன. அச்சமயம் 'கிளாஸ்டிரிடியம் டிபிசில்' என்னும் கிருமி தலையெடுத்து, ஓய்ந்து ஓய்ந்து திரும்பும் பேதியை விளைவிக்கிறது. ஆரோக்கியசாலி ஒருவரின் மலத்தைச் சோதித்துக் கரைத்து, அதிலுள்ள நற்கிருமிகளை நோயாளியின் குடலில் சேர்ப்பதே பரிகாரம். அருவருக்க வேண்டாம்! 2013-இல் வெளியான ஹாலந்துப் பரிசோதனையில் 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமடைந்தனர்; மறு தடவையில் மேலும் இருவர்.

எவருக்குப் பலிக்கும், எவருக்குப் பலியாது? நோய் முற்றியவர்களுக்கும், அதற்காகப் பன்முறை ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கும் பலியாமற்போவது அதிகம் என்று 2016-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டனர். கொடுத்தவரின் கிருமிகள் பெற்றவரின் குடலில் நன்கு வேரூன்றினால் குணமடையும் வாய்ப்பும் மிகுதி என்பது 2022-இல் வெளியான ஆராய்ச்சியின் முடிவு.

நம் தேசத்திலும் லூதியானா தயானந்த வைத்தியக் கல்லூரியார் பெருங்குடல் ரணத்துக்கு இம்முறையைச் சோதித்திருக்கிறார்கள். ஆயினும் வருமுன் காப்பதே மேல். ஜலதோஷத்துக்கெல்லாம் வைத்தியர் சீட்டின்றி ஆண்டிபயாடிக் வாங்கி விழுங்கும் வழக்கத்தை நம் இல்லங்களிலிருந்து இன்றே ஒழிப்போமாக.