வெஸ்ட் பாயிண்டில் முதல் ஆண்டு: அழுகிற பிள்ளைக்கு என்ன பதில்?

சென்ற மாதம் எங்கள் மன்ற நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு முடிந்து, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் கைப்பையை இறுகப் பிடித்தபடி மேடையருகே வந்தார்.

"தம்பி, எங்க அண்ணன் மகன் அமெரிக்காவுல வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில சேர்ந்திருக்கான். மூணு வாரமா பேச்சே இல்ல. போன ஞாயிறு கொஞ்ச நேரம் ஃபோன் பண்ணினானாம். எங்க பேசினான்? அழுதானாம். அண்ணி, 'வந்துடுடா'ன்னு சொல்லிட்டாங்க. அண்ணன், 'பாதியில வந்தா என் மூஞ்சியில முழிக்காதே'ங்கறார். யார் சொன்னது சரி?"

அன்றைய தலைப்பு 'தேசிய சேவையும் குடும்பமும்'. இந்தக் கேள்வி ஒளிப்பதிவில் இடம்பெறவில்லை. ஆனால் அன்று பேசிய எல்லாவற்றையும்விட இதுதான் என்னைத் தொடர்ந்து வந்தது. அதற்காகப் படித்ததையும் கேட்டதையும் சேர்த்து நேயர்களுக்கு இங்கே எழுதுகிறேன். என் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அண்ணி சொன்னதும் சரியில்லை, அண்ணன் சொன்னதும் சரியில்லை.

நமக்கு ராணுவப் பயிற்சி என்றால் தெக்கோங் தீவுதான். நான் சேர்ந்த அன்று அம்மாவும் படகில் உடன் வந்தார். பயிற்சி முகாம் உணவகத்தில் என்னோடு சேர்ந்து சாப்பிட்டார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். முதல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் வார இறுதியில் வீட்டுச் சாப்பாடு உண்டு. வெஸ்ட் பாயிண்டில் அந்தக் கதை இல்லை.

நியூயார்க் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்தக் கழகம். 1802ல் தொடங்கியது. நான்காண்டுப் படிப்பு, முடித்தால் இளங்கலைப் பட்டம், கூடவே ராணுவ அதிகாரிப் பதவி. கல்விக் கட்டணம் கிடையாது, மாதப்படியும் உண்டு. அதற்கு ஈடாக 5 ஆண்டு முழுநேரச் சேவையும் 3 ஆண்டு காத்திருப்புப் படைச் சேவையும் செய்ய வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்க, சுமார் 1,200 பேருக்கே இடம். வெளிநாட்டு மாணவர்களும் படிக்கிறார்கள். ஒரே நேரத்தில் 60 பேர் வரை இருக்கலாம் என்பது சட்டம். பிலிப்பீன்ஸ் அதிபராக இருந்த ஃபிடல் ராமோஸ் 1950லும், இப்போதைய கம்போடியப் பிரதமர் ஹுன் மானெட் 1999லும் அங்கு பட்டம் பெற்றவர்கள். நம் சிங்கப்பூர் ஆயுதப் படையும் அங்கு ஆள் அனுப்பியதுண்டு.

முதலாண்டு மாணவருக்கு அங்கே 'பிளீப்' என்று பெயர். பழைய ரோமாபுரியில் சாமானிய மக்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பெயரே சொல்லிவிடுகிறது, இல்லையா?

நான்கே நான்கு பதில்கள்

கோடையில் ஒருநாள் காலை, பெற்றோரும் பிள்ளைகளும் ஓர் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். விடைபெறச் சொல்வார்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தரமாட்டார்கள்! கட்டிப்பிடித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். பிறகு முடிவெட்டு, தடுப்பூசி, சீருடை, வணக்கம் வைக்கும் முறை, நடை பழகுதல். அன்று மாலையே அணிவகுத்து வந்து உறுதிமொழி எடுப்பார்கள். பார்வையாளர் மேடையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்குத் தங்கள் பிள்ளை எதுவென்று அடையாளம் தெரியாது.

இடையில் சிவப்புக் கச்சை கட்டிய ஒரு மூத்த மாணவர் நிற்பார். அவர் முன்னால் தரையில் ஒரு கோடு. கோட்டின் மேலும் நிற்கக்கூடாது, தாண்டியும் நிற்கக்கூடாது, ஒட்டி நிற்க வேண்டும். அவரிடம் சொல்ல அனுமதிக்கப்பட்ட பதில்கள் நான்குதாம். ஆம் ஐயா. இல்லை ஐயா. சாக்குப்போக்கு ஏதுமில்லை ஐயா. எனக்குப் புரியவில்லை ஐயா.

மூன்றாவது பதிலைக் கவனியுங்கள். காலணி நாடா அவிழ்ந்திருக்கிறது, ஏன்? பின்னால் வந்தவர் மிதித்துவிட்டார் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் 'சாக்குப்போக்கு ஏதுமில்லை' என்றுதான் சொல்ல வேண்டும். கேட்க அநியாயமாகத் தோன்றும். நாளை இவர் முப்பது படைவீரர்களுக்குப் பொறுப்பாளர். தண்ணீர் வந்து சேரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்ற கதை தாகத்தைத் தீர்க்காது. அந்தப் பழக்கத்தை முதல் நாளே நாக்கில் ஏற்றுகிறார்கள்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகத் தொடர்புத் துறை டிப்ளோமா முடித்து வந்த புதிதில், நேரலை ஒன்றில் விருந்தினரின் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டேன். தாளில் எழுத்து சிறியது, காதுக்கருவியில் இரைச்சல் என்று தயாரிப்பாளரிடம் அடுக்கினேன். "நான் காரணம் கேட்கலையே" என்றார், அவ்வளவுதான். அதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

விளக்கை எண்ணுவது எதற்கு?

முதல் ஆறு வாரத்துக்கு அடிப்படைப் பயிற்சி. மாணவர்கள் வைத்த பெயர் 'பீஸ்ட்', மிருகம். கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். கடிதம்தான் வழி, எப்போதாவது சில நிமிடம் பேசக் கிடைக்கும். அந்த அம்மையாரின் மருமகன் அழுதது அந்தச் சில நிமிடத்தில்தான். முடிவில் முழுச் சுமையோடு 12 மைல், ஏறக்குறைய 19 கிலோமீட்டர் நடந்து கழகத்துக்குத் திரும்ப வேண்டும். நம் தெக்கோங் பிள்ளைகள் 24 கிலோமீட்டர் நடக்கிறார்களே என்பீர்கள். உண்மைதான்! உடல் வருத்தத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் அதன் பிறகு.

அதன் பிறகுதான் கல்லூரி திறக்கிறது. கணிதம், வேதியியல், வரலாறு எல்லாம் உண்டு. 1817 முதல் 1833 வரை தலைமை வகித்த சில்வேனஸ் தேயர் வகுத்த முறை இன்றும் நடக்கிறது: பாடத்தை ஆசிரியர் நடத்துவதற்கு முன்பே மாணவர் படித்து வர வேண்டும். வகுப்பில் இருபது பேர்கூட இருக்கமாட்டார்கள். கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ள வழியில்லை. இதற்கு நடுவே குத்துச்சண்டை கட்டாயம். 2016 முதல் பெண்களுக்கும்.

இவற்றோடு பிளீப்பின் 'வீட்டு வேலை'யும் சேரும். சலவைத் துணியை மூத்தவர் அறைகளுக்குக் கொண்டு சேர்ப்பது, குப்பை அகற்றுவது, அணிவகுப்புக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று நடைக்கூடத்தில் நின்று கூவுவது, சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் பானம் ஊற்றி இனிப்பைச் சரிசமமாக வெட்டுவது. போதாததற்கு மனப்பாடம். குல்லம் மண்டபத்தில் விளக்குகள் எத்தனை? 340. லஸ்க் நீர்த்தேக்கம் நிரம்பி வழியும்போது எத்தனை கேலன்? 78 மில்லியன். அன்றைய செய்தித்தாளின் முதல் பக்கத்தில் என்ன? கடற்படைக் கழகத்தோடு மோதும் காற்பந்தாட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள்?

பைத்தியக்காரத்தனம் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். விளக்கின் எண்ணிக்கையால் யாருக்கு என்ன பயன்? யோசித்துப் பார்த்தால், பயன் விளக்கில் இல்லை. தூக்கமில்லை, எதிரே ஒருவர் கத்துகிறார், மணி ஓடுகிறது. அந்த நிலையில் மூளையிலிருந்து ஒரு தகவலைத் தடுமாறாமல் எடுக்க முடிகிறதா என்பதே பரீட்சை. இன்னொன்றும் உண்டு. கொடுக்கப்படும் வேலை முழுவதையும் தனி ஒருவரால் முடிக்கவே முடியாது. வீட்டில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு இதுதான் பேரிடி. எதை இன்று விடலாம் என்று அவரே தீர்மானிக்க வேண்டும். கணக்கு தெரிந்தவர் அறைத்தோழருக்குக் கணக்கு சொல்லித்தர, அவர் இவரது காலணிக்கு மெருகேற்றித் தர வேண்டும். ஒத்துழைத்தால் பட்டம் பெறலாம் என்பது அங்கே வழங்கும் பேச்சு. கெட்டிக்காரர், பலசாலி என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். உதவி கேட்கக் கூச்சப்படுபவர்தான் முதலில் மூழ்குகிறார்.

ஒத்துழைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, திருடாதே, செய்பவரைச் சகித்தும் கொள்ளாதே என்பது அங்குள்ள நேர்மை நெறி. 2020 மே மாதம் கிருமித்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து எழுதிய கணிதத் தேர்வில் ஒரே மாதிரித் தவறுகள் காணப்பட, 73 பேர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. ஒருவரைத் தவிர அத்தனை பேரும் முதலாண்டு மாணவர்கள்! 8 பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஓராண்டு பின்தள்ளப்பட்டார்கள். அறைத்தோழரும் அருகில் இல்லாமல், கண்காணிப்பும் இல்லாமல் தனியே உட்கார்ந்திருந்த மாதங்கள் அவை. இது என் ஊகம்தான்.

கண்டிப்பும் கொடுமையும்

இங்கேதான் 'எல்லாம் நல்லதற்கே' என்று அண்ணனைப்போல் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கண்டிப்பு என்ற பெயரில் அங்கே கொடுமையும் நடந்திருக்கிறது.

1898ல் சேர்ந்த ஆஸ்கர் பூஸ் என்ற இளைஞரைக் குத்துச்சண்டைக்கு நிறுத்தி அடித்தார்கள். மிளகாய்ச் சாற்றைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்தார்கள். சில மாதங்களில் விலகிவிட்ட அவர் 1900ல் காசநோயால் இறந்தார். நாடாளுமன்றம் விசாரித்தது. சாட்சி சொன்னவர்களில் ஒருவர் மாணவர் டக்ளஸ் மெக்கார்தர், பின்னாளில் இரண்டாம் உலகப் போரின் பசிபிக் தளபதி. அவரும் அதேபோல் வதைக்கப்பட்டவர்தான். மெக்கார்தரின் தாயார் கழக வளாகத்தில் இருந்த ஓட்டலிலேயே குடியிருந்து மகனைக் கவனித்துக்கொண்டார் என்பது உபரித் தகவல். நம் ஊர் அம்மாக்கள் தோற்றார்கள்! 1919ல் கழகத் தலைவராக வந்த மெக்கார்தர், புதியவர்களின் பயிற்சியை மூத்த மாணவர்களின் கையிலிருந்து எடுத்து அதிகாரிகளிடம் கொடுத்தார். பழைய பிளீப் முறையே 1990ல் மாற்றியமைக்கப்பட்டது. ஆனாலும் 2015ல் பீஸ்ட் முடிவில் நடந்த தலையணைச் சண்டையில் 30 பேர் காயமடைந்தார்கள். 24 பேருக்குத் தலையில் அதிர்ச்சி.

1932ல் சேர்ந்த கறுப்பின மாணவர் பெஞ்சமின் டேவிஸ் ஜூனியருக்கு நேர்ந்தது வேறு விதம். அலுவல் காரணமின்றி யாரும் அவரிடம் பேசவில்லை. அறைத்தோழர் இல்லை, உணவு மேசையில் பேச்சுத்துணை இல்லை. ஓராண்டு அல்ல, நான்கு ஆண்டுகள்! 1936ல் 35வது இடத்தில் தேறினார்; பின்னர் விமானப்படைத் தளபதியானார். 2017ல் திறந்த ஒரு மாணவர் விடுதிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அவர் தாக்குப்பிடித்தார் என்பதால் அது நல்ல பயிற்சி ஆகிவிடாது. அறைத்தோழர் என்ற ஒன்றைப் பறித்தாலே எத்தனை கொடுமை என்பதைத்தான் நான் அதில் பார்க்கிறேன்.

ஆகவே பிள்ளை அழுகிறான் என்றால், முதலில் எதற்காக அழுகிறான் என்று கேட்க வேண்டும். களைப்பா, வீட்டு ஏக்கமா, தோல்வியின் அவமானமா? இவை ஆறும். அடிக்கிறார்களா, தனிமைப்படுத்துகிறார்களா, காயத்தை மறைக்கச் சொல்கிறார்களா? அப்படியானால் பொறுத்துப்போ என்று சொல்வது குற்றம். அதிகாரியிடமோ மதகுருவிடமோ மருத்துவரிடமோ சொல்லச் சொல்ல வேண்டும்.

விலகுவதும் உலக முடிவல்ல. மூன்றாம் ஆண்டு தொடங்கும்வரை சேவைக் கடன் இல்லாமலே வெளியேறலாம். சேரும் 1,200 பேரில் ஏறக்குறைய 1,000 பேர்தான் பட்டம் வாங்குகிறார்கள். எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1830ல் சேர்ந்து, ஓராண்டுகூட முடியாமல் 1831ல் நீக்கப்பட்டவர். ஓவியர் விஸ்லர் 1854ல் வேதியியலில் தோற்று வெளியேறியவர். அவரைப் புகழடையச் செய்தது தாயாரை வரைந்த ஓவியம். ஆனால் விலகும் முடிவை ஒரு மோசமான நாளின் இரவில் எடுக்கக்கூடாது. பீஸ்ட் முடியட்டும், கல்லூரி திறக்கட்டும், அப்போதும் வேண்டாமென்றால் பேசலாம்.

இதைத்தான் அந்த அம்மையாரிடம் தொலைபேசியில் சொன்னேன். அண்ணியை, 'வந்துடு' என்பதற்குப் பதில் 'இந்த மாதம் முடிந்ததும் பேசுவோம்' என்று எழுதச் சொல்லுங்கள். அண்ணனை, 'எந்த முடிவெடுத்தாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கும்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். திரும்பிப்போக வழியில்லாதவனைவிட, வழியிருந்தும் நிற்பவனுக்குத் தெம்பு அதிகம்.

"நான் என்ன எழுதறது தம்பி?" என்றார்.

அழுகையைப் பற்றி எழுதாதீர்கள் அத்தை, பூனை என்ன செய்தது, புளோக் கீழே யார் சண்டை போட்டார்கள், அதை எழுதுங்கள் என்றேன். முதலாண்டின் இறுதிக்கட்டத்தில் ஒரு சடங்கு உண்டு என்பதையும் சொன்னேன். அதுவரை குடும்பப் பெயரால் மட்டுமே அதட்டிக்கொண்டிருந்த மூத்த மாணவர்கள் வரிசையாக வந்து கைகுலுக்கி, தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். அன்றோடு 'ஐயா' முடிந்தது. சில வினாடிக் கைகுலுக்கல்தான். அதற்காக ஓராண்டு காத்திருக்கிறார்கள்.

போன வாரம் அவர் மறுபடியும் அழைத்தார். பையன் 19 கிலோமீட்டரையும் நடந்து முடித்துவிட்டானாம். கால் முழுக்கக் கொப்புளம். கடிதத்தில் பூனையைத்தான் விசாரித்திருக்கிறான். முறுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். தாராளமாக, அண்ணியை அங்கிருந்தே அனுப்பச் சொல்லுங்கள், அறைத்தோழனுக்கும் சேர்த்து என்றேன்.