வலைப்பக்கம் ஆக்கக் கற்போம்: கல்லூரித் தொடக்கப் பாடநெறி எமக்குத் தருவது என்ன?

புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களில் இணையத்தைப் பார்க்காதவர் இன்று இல்லையென்றே கூறலாம். ஊர்ச் செய்தி, மரண அறிவித்தல், கோயில் திருவிழாப் படங்கள், பிள்ளையின் பாடசாலை அறிக்கை ஆகிய யாவும் கைத்தொலைபேசித் திரைக்கே வந்து சேருகின்றன. ஆயினும் பார்ப்போர் பலர், ஆக்கத் தெரிந்தோர் சிலர் என்பதே எமது நிலை. வாசிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாத சமூகம் தன் கதையைப் பிறர் எழுதும்வரை காத்திருக்க நேரும். இக்குறையை நீக்குவதற்கு எளிய வழியொன்று கைக்கெட்டிய தூரத்தில் உண்டு. சமுதாயக் கல்லூரிகளில் நடைபெறும் வலைப்பக்க வடிவமைப்புத் தொடக்கப் பாடநெறியே அது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 24 பொதுக் கல்லூரிகள் உள்ளன. அவற்றுள் முதலாவதான சென்ரெனியல் கல்லூரி, பின்னாளில் எம்மவர் செறிந்து குடியேறிய ஸ்காபரோவிலேயே 1966 இல் தொடங்கப்பட்டது. பகலில் வேலைக்குச் செல்வோர் மாலையிலும் வார இறுதியிலும் கற்பதற்கெனத் தொடர்கல்விப் பிரிவுகள் பல கல்லூரிகளில் உண்டு. ஒரு பருவம் ஏறத்தாழ 14 வாரங்கள் கொண்டது. உயர்தரப் பாடசாலைச் சான்றிதழ் கைவசம் இல்லாதவரும், 19 வயது நிரம்பியிருப்பின், முதிர்ந்த மாணவர் என்ற வகையில் விண்ணப்பிக்கலாம். போரிலே சான்றிதழ்களைப் பறிகொடுத்து வந்தோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

அமைப்பு, தோற்றம், செயல்

சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரருகே உள்ள சேர்ண் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ரிம் பேணர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், விஞ்ஞானிகள் தம்முள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதற்கென 1989 இல் முன்வைத்த யோசனையே இன்றைய உலகளாவிய வலையின் வித்து. 1991 இல் அது வெளியுலகிற்கு அறிமுகமாயிற்று. 1993 ஏப்பிரல் 30 ஆம் திகதி, அத்தொழினுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமென அந்நிறுவனம் அறிவித்தது. எமது ஊர்ச் சங்கம் ஒன்று எவரிடமும் உரிமம் கேளாமல் தனக்கொரு பக்கத்தை ஆக்கிக்கொள்ள முடிவது அந்த அறிவித்தலின் பயனாகும்.

பாடநெறி மூன்று அடுக்குகளைக் கொண்டு நடைபெறும். முதலாவது எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழி. இது தலையங்கம், இது உபதலைப்பு, இது பந்தி, இது பட்டியல், இது வேறொரு பக்கத்திற்குச் செல்லும் இணைப்பு என்று ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் அடையாளமிடுவதே அதன் வேலை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை எனப் பிரித்துக் கட்டுரை வரையப் பழகியவருக்கு இது புதிய சிந்தனையன்று. கணிதத்திற் பின்தங்கியவர் என்று தம்மைத் தாமே ஒதுக்கிக்கொள்வோரும் தயங்க வேண்டியதில்லை. இக்கட்டத்தில் தேவைப்படுவது ஒழுங்குணர்வும் திறந்த குறியை மூடுகின்ற கவனமுமே.

இரண்டாவது சி.எஸ்.எஸ். எனப்படும் பாணித்தாள். நிறம், எழுத்தின் பருமன், ஓரவிடைவெளி, பத்தி அமைப்பு ஆகிய தோற்றங்கள் யாவும் இதன் பொறுப்பு. நோர்வே நாட்டவரான ஹோக்கன் வியூம் லீ 1994 இல் முன்மொழிந்த இம்முறை 1996 இல் நியமமாக ஏற்கப்பட்டது. உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரித்து வைப்பதனால், நூறு பக்கங்களின் தலைப்பு நிறத்தை ஒரேயொரு வரியில் மாற்றிவிடலாம். மூன்றாவது ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி. பொத்தானை அழுத்தியதும் ஒன்று நிகழவேண்டுமெனில் அதற்கு இம்மொழி உதவும். தொடக்கப் பாடநெறிகள் பெரும்பாலும் இதன் வாயிலைக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன.

எம்மவர் இடறக்கூடிய இரு சிறு கற்களை இவ்விடத்திற் சுட்டவேண்டும். இலங்கையில் நாம் பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் ஆங்கிலம் கற்றோம். நிறம் என்னும் சொல்லுக்கு 'யு' என்ற எழுத்தையும் சேர்த்து எழுதுவது எமது வழக்கம். பாணித்தாளோ அமெரிக்க எழுத்துக்கூட்டலையே அறியும். 'யு' சேர்த்தால் அந்த வரியை அது பிழையென்று கூறாமலே புறக்கணித்துவிடும். நடு என்னும் சொல்லுக்கும் இதுவே விதி. மற்றது கோப்புகளின் பெயர். வீட்டுக் கணனியில் விண்டோஸ் இயங்குதளம் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்துவதில்லை. இணைய வழங்கிகளிற் பெரும்பாலானவை வேறுபடுத்தும். எனவே வீட்டில் அழகாகத் தெரிந்த படம் இணையத்தில் ஏற்றியதும் மறைந்துபோகும். பெயர்கள் யாவற்றையும் இடைவெளியின்றிச் சிறிய எழுத்திலேயே வைப்பது இதற்கு மருந்து.

தமிழ் எழுத்து எங்கே நிற்கின்றது?

கல்லூரிப் பாடநெறி ஆங்கிலத்தை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டது. தமிழ்ப் பக்கம் ஆக்க விரும்புபவர் மேலதிகமாகச் சிலவற்றை அறிதல் வேண்டும்.

தமிழ் இணையத்தின் தொடக்க காலத்தில் உழைத்தோர் பலருக்குக் கணனி தொழிலாக இருக்கவில்லை. 1995 இல் சிங்கப்பூரிலிருந்து தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிய முயற்சியில் முன்னின்ற நா. கோவிந்தசாமி ஒரு தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை வழிநடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த இரசாயனவியல் அறிஞர்.

அக்காலத்தில் எமது பத்திரிகைகளும் சங்கங்களும் 'பாமினி' முதலான எழுத்துருக்களைப் பயன்படுத்தின. இவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. 'அம்மா' என்று நாம் காணும் சொல், கணனியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகவே கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் அம்மா மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகளே எஞ்சும். தேடுபொறிக்கும் அது தமிழாகப் புலப்படாது. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் அதனை உளறலாகவே ஒலிக்கும்.

இதற்குத் தீர்வாக வந்தது ஒருங்குறி. உலக மொழிகள் ஒவ்வொன்றின் எழுத்துக்கும் தனித்தனி எண்ணை வழங்கும் இந்நியமத்தில் தமிழ் 1991 இல் வெளியான முதற் பதிப்பிலேயே இடம்பெற்றது. ஆயினும் பொதுமக்களின் கணனிகளில் அது இயங்கத் தொடங்கியது 2000 ஆம் ஆண்டளவிற் வெளிவந்த இயங்குதளங்களோடுதான். இன்று தமிழ்ப் பக்கம் ஆக்குபவர் செய்யவேண்டியவை மூன்று. ஒருங்குறியிலே தட்டெழுத வேண்டும். பக்கத்தின் தலைப்பகுதியில் யு.ரி.எப்-8 என்னும் குறியேற்றத்தை அறிவிக்க வேண்டும். மொழி தமிழ் என்பதைக் குறிக்கும் 'ரி.ஏ.' என்ற அடையாளத்தை இடவேண்டும். அத்துடன், தமிழின் கொம்பும் விசிறியும் மேலும் கீழும் விரிவன ஆதலால், ஆங்கிலத்திற்குப் போதுமான வரியிடைவெளி தமிழுக்குப் போதாது. நீண்ட தமிழ்ச் சொற்கள் கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரையைத் தாண்டி ஓடாதவாறும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

அழிந்த பக்கங்கள் தரும் பாடம்

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அந்த இழப்பை நாம் மறக்கவில்லை. ஆனால் தீயின்றியும் புகையின்றியும் நூல்கள் அழியக்கூடும் என்பதை இணையம் காட்டிவிட்டது. 1990களிற் புகழ்பெற்ற ஜியோசிற்றீஸ் என்னும் இலவசத் தளச் சேவையில் உலகெங்குமுள்ள சாதாரண மக்கள் தமது பக்கங்களை அமைத்திருந்தனர். தமிழ்ப் பக்கங்களும் அவற்றுள் இருந்தன. 2009 ஒக்ரோபரில் அச்சேவை யப்பான் தவிர்ந்த நாடுகளில் மூடப்பட்டது. பிரதி எடுத்து வைத்தவரின் பக்கம் பிழைத்தது. இணைய ஆவணக்காப்பகம் போன்ற அமைப்புகள் சிலவற்றைக் காப்பாற்றின. ஏனையவை போய்விட்டன.

தளப்பெயர் என்பது உறுதி எழுதி வாங்கிய காணியன்று, ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பிடிக்கும் குத்தகை. சங்கத்தின் தளத்தை ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தம் பெயரிற் பதிவுசெய்வார். பின்னர் அவர் வேறு நகருக்குச் செல்வார், கடவுச்சொல்லும் அவருடன் சென்றுவிடும். கட்டணம் தவறியதும் பெயர் பிறர் கைக்குப் போகும். கிராமத்துப் பாடசாலையின் வரலாறும் இடம்பெயர்ந்த மக்களின் படங்களும் அத்தோடு மறையும். ஆகவே பதிவு சங்கத்தின் பெயரிலும் கடவுச்சொல் குறைந்தது இருவரிடமும் இருத்தல் வேண்டும். முழுத் தளத்தின் பிரதியொன்று வெளியே ஒரு வட்டிலும் இருக்கட்டும். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் பேணி வருகின்றது. ஊர் மலர்களையும் நினைவு மலர்களையும் அத்தகைய இடத்திற் சேர்ப்பித்தலும் நம் கடனாகும்.

அகதிகளாகிய எமக்கு மற்றுமொரு பொறுப்பும் உண்டு. ஊரில் இன்னமும் உறவினர் வாழ்கின்றனர். ஒருவரின் முகவரி, பிறந்த திகதி, பிள்ளையின் பாடசாலை, ஒன்றுகூடலிற் பிடித்த படம் என்பவற்றை அவரது இசைவின்றி வெளியிடலாகாது. ஏற்றிய பின் நீக்கினாலும் பிறர் எடுத்த பிரதி எங்கோ இருக்கும்.

யாவரும் வாசிக்கத் தக்கதாக

நல்ல பாடநெறியிற் கட்டாயம் இடம்பெறும் பாடம் அணுகுதகைமை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிமாறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற அளவிற் குறையலாகாது என்பது சர்வதேச வழிகாட்டலின் இடைநிலைத் தேவை. ஒன்ராறியோவில் 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களின் பொதுத்தளங்கள் இவ்வழிகாட்டலைப் பின்பற்றல் சட்டத் தேவையாகும். சிறிய சங்கங்களைச் சட்டம் இவ்வாறு கட்டுப்படுத்தாவிடினும், மஞ்சள் நிறத்தின்மேல் வெள்ளை எழுத்தால் விழா அறிவித்தல் வெளியிட்டால் கண்ணாடி அணிந்த முதியோர் எங்ஙனம் வாசிப்பர்? அறிவித்தல் முழுவதையும் ஒரு படமாக்கி ஏற்றுவதும் எம்மிடையே வழக்கமாகிவிட்டது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திரைவாசிப்பான் அறியாது. படத்தோடு அதன் செய்தியை எழுத்திலும் தருவதே முறை.

இயந்திரமே ஆக்கித் தராதா?

இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கேட்டால் ஒரு பக்கத்தை நொடிப்பொழுதில் ஆக்கித் தரும். அவ்வாறாயின் கற்பதெதற்கு என்று பிள்ளைகள் வினவலாம். கணிப்பான் வந்த பின்னரும் வாய்பாடு தெரிந்தவரே கடைக்காரரின் கணக்கிற் பிழை காண்கின்றார். இயந்திரம் தரும் பக்கத்தில் மொழி அடையாளம் உண்டா, முதியோர் வாசிக்க முடியுமா, படிவத்தில் வாங்கும் விபரம் எங்கே செல்கின்றது என்று சோதிக்க அடிப்படை அறிந்தவராலேயே இயலும்.

வேலைவாய்ப்புப் பற்றியும் நேர்மையாகக் கூறவேண்டும். ஒரு தொடக்கப் பாடநெறி மட்டும் எவரையும் தொழில் வல்லுநராக்காது. அதற்கு ஈராண்டுப் படிப்போ அதற்கீடான பயிற்சியோ, செய்து காட்டிய வேலைகளின் தொகுப்போ தேவை. சில வாரங்களில் உயர் சம்பளம் என்று விளம்பரம் செய்வோரிடம் பல்லாயிரம் டொலர்களைக் கொடுக்குமுன், அந்நிறுவனம் மாகாண அரசிடம் பதிவு பெற்றதா என்று விசாரித்தறிதல் அவசியம்.

செலவோ சொற்பம். பழைய கணனி ஒன்று போதும். எழுதும் மென்பொருளும், பிழை திருத்தும் சோதிப்பானும், சிறு தளங்களுக்கான வழங்கி இடமும் கட்டணமின்றியே கிடைக்கின்றன. தாயும் மகளும், தந்தையும் மகனும் சேர்ந்து கற்பது சிறப்பு. பிள்ளைக்குக் குறிமொழி விரைவில் வரும், பெற்றோருக்குத் தமிழும் ஊர் நினைவும் உண்டு. பேரனார் கூறும் ஊர்க்கதையைப் பெற்றோர் ஒருங்குறியில் எழுத, பிள்ளை அதனைப் பக்கமாக அமைக்கட்டும். அடுத்த பருவத்திற்கான பதிவு எப்போது தொடங்கும் என்பதை அருகிலுள்ள கல்லூரியில் இன்றே கேட்டறிக.