நாயை யாரிடம் விட்டு வருவது?

உள்நோயாளியாகச் சேர வருபவரிடம் நாங்கள் கேட்கும் கேள்விகள் பல. சர்க்கரை நோய் உண்டா, எந்த மருந்து ஒவ்வாது, கடைசியாக எப்போது உணவருந்தினீர்கள், உடன் இருக்கப்போவது யார் என்று நீளும் அந்த வரிசையில், சில ஆண்டுகளாக எங்கள் இதயநோய்ப் பிரிவில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "வீட்டில் நாய் இருக்கிறதா? இன்றிரவு அதை யார் பார்த்துக்கொள்வார்?" கேட்டவுடன் பலர் சிரித்துவிடுவார்கள். சிலர் கண்கலங்கியதும் உண்டு. இந்தக் கேள்வியை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நோயாளி.

அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். சிறு நகரம் ஒன்றின் எல்லையில், முப்பது கிலோ எடையுள்ள ராஜபாளையம் நாயுடன் தனியே வாழ்ந்துவந்தார். ஓரிரவு பத்து மணியளவில் மார்பை அழுத்திப் பிடிப்பதுபோல் வலி எடுத்தது, உடல் வியர்த்தது. மாரடைப்பாக இருக்கலாம் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. 108ஐ அழைக்கக் கைபேசியை எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டார். புதியவர் எவரையும் அந்த நாய் வாசலுக்குள் விடாது; தாம் போய்விட்டால் அதற்குச் சோறு போடவும் ஆளில்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே விடியும்வரை காத்திருந்தார். காலையில் பால்காரர் வந்ததும் அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். எங்களிடம் வந்து சேர்ந்தபோது வலி தொடங்கி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இதயத்தின் ரத்தக்குழாய் முழுமையாக அடைபட்டால், அரை மணி நேர அளவிலேயே தசை மடியத் தொடங்கிவிடும். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் அடைப்பை நீக்கினால் காப்பாற்றக்கூடிய தசையின் அளவு வேறு. ஒன்பது மணி நேரத்துக்குப் பின் காப்பாற்றக்கூடியது வேறு. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் பொருத்தினோம். உயிர் பிழைத்தார். மடிந்த தசை மட்டும் மீளவில்லை. இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்புமாறு வற்புறுத்தத் தொடங்கினார். பணக்கவலை என்று நாங்கள் எண்ணினோம். நாயைப் பற்றி எங்களிடம் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரவுப் பணியில் இருந்த செவிலியரிடம்தான் சொன்னார். டாக்டரிடம் போய் நாயைப் பற்றிப் பேசுவதா என்ற கூச்சம்.

அந்தக் கூச்சம் வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

சிறிய நாயென்றால் உறவினர் எவராவது கூடையில் தூக்கிச் சென்றுவிடுவார். பெரிய நாயின் கதை வேறு. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், நம் மண்ணின் ராஜபாளையம், கோம்பை போன்றவற்றைக் கண்டாலே பக்கத்து வீட்டார் பின்வாங்குவார்கள். பார்த்துக்கொள்ள முன்வருபவருக்கு அன்பு இருந்தால் மட்டும் போதாது. அது கயிற்றை இழுக்கும்போது பிடித்து நிறுத்தும் உடல்வலிமையும் வேண்டும். பாட்டியிடமோ பள்ளி செல்லும் பிள்ளையிடமோ ஒப்படைத்துவிட்டு வருவது ஆபத்து.

எங்கள் அனுபவத்தில் மிகவும் சிக்கலானது, காவலுக்குப் பழகிய நாயைப் புதியவரிடம் ஒப்படைப்பதுதான். எசமானர் இருக்கும்போது வாலாட்டும் அதே நாய், அவர் இல்லாத வீட்டில் இரவில் கதவைத் திறப்பவரைத் திருடனாகவே நினைக்கும். ஆகவே, பார்த்துக்கொள்ளப் போகிறவர் குறைந்தது மூன்று நான்கு முறையாவது நீங்கள் இருக்கும்போதே வந்து, தம் கையால் உணவு வைத்து, கயிற்றைப் பிடித்துத் தெருவில் ஒரு சுற்றுச் சென்று வரவேண்டும். பின்னர் ஓரிரவு நீங்கள் வேறிடத்தில் தங்கி, அவரை வீட்டில் படுக்கச் செய்யுங்கள். அந்த ஒத்திகை இரவில் தெரிந்துகொள்ளும் செய்திகள் பல: நாய் சாப்பிட்டதா, இரவெல்லாம் ஊளையிட்டதா, அவரைக் கழிவறைக்குப் போகவிட்டதா. கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஒரு நோயாளியின் மைத்துனர் விடியும்வரை கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் கிடந்த கதையை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

வீட்டில் வந்து தங்க ஆள் கிடைக்காதபோது நாய் விடுதிதான் வழி. நகரங்களில் இப்போது அவை பெருகியிருக்கின்றன. தரம் ஒன்றுபோல் இல்லை. நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், கால்களை நீட்டிப் படுக்கவும் இடம் போதுமா? சிறு நாய்களுக்கென்று வாங்கிய கூண்டில் ஒரு கிரேட் டேனை நான்கு நாள் அடைப்பது கொடுமை. காற்றோட்டமும் மின்விசிறியும் உண்டா? எல்லாவற்றினும் மேலாகக் கேட்கவேண்டியது: இரவில் அங்கே ஆள் தங்குகிறாரா? மாலையில் கதவைப் பூட்டிவிட்டு மறுநாள் காலையில் வந்து திறக்கும் விடுதி, கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், பெரிய நாய்க்கு ஏற்றதன்று.

காரணம் இதுதான். ஆழ்ந்த மார்புடைய பெரிய இனங்களில் சில சமயம் இரைப்பை காற்றால் உப்பித் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். வயிறு பெருக்கும், வாந்தியெடுக்க முயன்றும் ஒன்றும் வராது, எச்சில் வடியும், படுக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வரும். சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் இறந்துவிடும். விடியும்வரை பொறுக்கலாம் என்பதற்கு இதில் இடமில்லை. நாளைக்கு ஒரே வேளையாகப் பெருஞ்சோறு வைக்காமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், உண்டவுடன் ஓடவிடாமல் இருப்பதும் நல்லது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்த மருத்துவமனைகள் உள்ளன. அவற்றில் எது அருகில் இருக்கிறது, இல்லையெனில் எந்தத் தனியார் மருத்துவர் நள்ளிரவில் தொலைபேசியை எடுப்பார் என்பதை நீங்கள் ஊரில் இருக்கும்போதே விசாரித்து வையுங்கள்.

விடுதியோ வீடோ, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நாயின் வயது, எடை, உணவின் அளவும் நேரமும், உண்ணும் மருந்துகள், எதைக் கண்டு மிரளும், எந்த மருத்துவர் பார்க்கிறார். அவசரமென்றால் உங்களைக் கேட்காமலே சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம் என்றும், எவ்வளவு தொகைவரை செலவிடலாம் என்றும் ஒரு வரி. நீங்கள் மயக்கத்தில் இருக்கும் நேரத்தில் உங்களிடம் கேட்க இயலாது. நீங்கள் உடுத்திய துவைக்காத சட்டை ஒன்றையும் விட்டு வாருங்கள்; அந்த வாசனை அதற்கு ஆறுதல்.

தடுப்பூசிகளைக் கடைசி நாளில் போட்டால் பயன் குறைவு; இரண்டு வாரமாவது முன்னதாகப் போட்டிருக்கவேண்டும். வெறிநோய்க்கும் எலிக்காய்ச்சலுக்குமான ஊசிகளை நாங்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: இவ்விரண்டும் நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியவை. பார்த்துக்கொள்பவரைக் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வீட்டு நாய்தானே என்று விடக்கூடாது. உங்கள் வீட்டு மாத்திரைகளைப் பூட்டி வைக்கவும் மறவாதீர்கள். நாய்க்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமாலோ இபுபுரூபனோ கொடுத்துவிடும் நல்லெண்ணக்காரர்கள் உண்டு. அவை நாய்க்கு நஞ்சாகலாம்.

உடனிருப்போருக்கும் ஒரு சொல். நோயாளியுடன் ஒருவர்தான் தங்கலாம் என்பது எங்கள் விதி. கணவர் வார்டில் கிடக்க, மனைவி ஒவ்வொரு மாலையும் அறுபது கிலோமீட்டர் பேருந்தில் போய் நாய்க்குச் சோறு வைத்துவிட்டு, விடிவதற்குள் திரும்பி வந்ததைப் பார்த்தோம். ஐந்தாம் நாள் மருந்துச் சீட்டைக் கையில் பிடித்தபடி அவர் மயங்கி விழுந்தார். உறவினர் "நாங்கள் என்ன செய்யட்டும்?" என்று கேட்கும்போது, பழமும் ஹார்லிக்ஸும் வாங்கி வரச் சொல்வதைவிட நாயை ஏற்கச் சொல்லுங்கள்.

காணொளி அழைப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். நோயாளி நாயைப் பார்ப்பதில் தடையில்லை. ஆனால் குரலைக் கேட்ட நாய் கைபேசியின் பின்புறமெல்லாம் தேடி ஊளையிட, இங்கே நோயாளியின் இதயத்துடிப்பு ஏறி மானிட்டர் ஒலியெழுப்ப, செவிலியர் ஓடிவந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, "பாருங்கள், பேசாதீர்கள்" என்கிறோம்.

மருத்துவமனையில் கழிக்கும் இரவுகளோடு இந்த ஏற்பாடு முடிந்துவிடுவதில்லை. பெரிய நாய் வைத்திருப்போர் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். பைபாஸ் அறுவை சிகிச்சையில் பிளந்த மார்பெலும்பைக் கம்பியால் இணைக்கிறோம். அது கூடுவதற்கு 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை கனமான எதையும் தூக்கவோ இழுக்கவோ கூடாது. பூனையைக் கண்டு பாயும் நாயின் கயிறு உங்கள் கையில் இருந்தால், அந்த இழுப்பு நேராக மார்பெலும்பில் போய் விழும். பேஸ்மேக்கர் பொருத்தியவர் அந்தப் பக்கத்துக் கையால் நான்கு முதல் ஆறு வாரம் கயிற்றைப் பிடிக்கவே கூடாது. உள்ளே வைத்த கம்பி இடம்பெயரக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களுக்கு நகக்கீறலில் ரத்தம் எளிதில் நிற்காது. பைபாஸுக்காகக் காலிலிருந்து ரத்தநாளம் எடுத்த காயம் சரியாக நாயின் முக மட்டத்தில் இருக்கும். அன்பால் அது நக்கும். நாயின் வாயில் இயல்பாக வாழும் கிருமிகள் அந்தக் காயத்தில் சீழ் பிடிக்கச் செய்யும். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு அது இதயத்தையே தொற்றக்கூடும். ஆகவே காயம் ஆறும்வரை தனிப் படுக்கை. நடைக்கு அழைத்துச் செல்ல வேறொருவர். வீடு திரும்பும் நாளில் வாசலில் நின்று நாயை எதிர்கொள்ளாதீர்கள். முதலில் உள்ளே போய் நாற்காலியில் அமர்ந்து, மார்பில் தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் அதைக் கயிற்றில் பிடித்து அழைத்து வரட்டும். பாய்ந்தால் தலையணை தாங்கும்.

அந்த ஆசிரியரின் கதைக்கு வருவோம். பால்காரரின் மகன், கல்லூரி மாணவர், அந்த ஒரு வாரம் தன் பொறுப்பில் நாயைப் பார்த்துக்கொண்டார். முதல் நாள் மதில்மேலிருந்து சோற்றை இறக்கியவர், ஐந்தாம் நாள் அதே வீட்டுத் திண்ணையில் படுத்துறங்கினாராம். ஆசிரியரின் இதயத்தின் பம்பு செய்யும் திறன் மூன்று மாதத்துக்குப் பின்னும் 30 விழுக்காட்டைத் தாண்டவில்லை. தாறுமாறான துடிப்பு நேர்ந்தால் மின்னதிர்வு கொடுத்து மீட்கும் கருவி ஒன்றை மார்பில் பொருத்தவேண்டும் என்றோம். அன்றிரவு விரைந்து வந்திருந்தால் அது தேவைப்படாமலே போயிருக்கலாம்.

ஒரே வாரத்தில் இரண்டு தேதிகள் கொடுத்து, எது வசதி என்று கேட்டோம். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். அது மாணவரின் தேர்வு அட்டவணை. "வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள் சார். தம்பிக்கு வியாழனோடு பரீட்சை முடிகிறது" என்றார். வெள்ளிக்கிழமையே குறித்தோம்.