கலைஞரும் வாங்குவோரும்

ஓவியம் தீட்டும்போது கலைஞனாக இருந்தவன், விலை சொல்லும்போது வெறும் வணிகனாகிவிடுகிறான் என்றும், அது அவனுக்கு இழிவு என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே நெடுநாளாக உலவி வருகிறது. நல்ல கை படைத்த இளைஞர் சிலர் இவ்வெண்ணத்தினாலேயே வாங்க வந்தவரிடம் முகங்கொடுத்துப் பேசாமல் பிழைப்பை இழக்கின்றனர். பின்னர்த் தூரிகையையும் கீழே வைத்துவிடுகின்றனர். ஆகவே, மாணவர்களே, தம் படைப்பை வாங்குவோரிடம் கலைஞர் எங்ஙனம் நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இதற்குரிய முதற்பாடம் எங்கள் போடிநாயக்கனூரின் ஏலக்காய்ச் சந்தையிலேயே இருக்கிறது. மேலே மலைச்சரிவில் பறிக்கும் பச்சைக்காய் ஏறக்குறைய ஐந்து கிலோவை உலர்த்தினால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். சூடு மிகுந்தால் பச்சை நிறம் போய்விடும். குறைந்தால் ஈரம் தங்கிவிடும். உலர்ந்த காயைச் சல்லடையில் சலித்துப் பருமன் வாரியாகப் பிரிப்பார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்கு மதிப்பு மிகுதி. ஏலக்கூடத்தில் தோட்டக்காரர் தம் சரக்கைப் புகழ்ந்து பேச இடமில்லை. ஒவ்வொரு குவியலிலிருந்தும் எடுத்த மாதிரிக்காய் வியாபாரிகளின் கைக்கு வருகிறது. அவர்கள் அதை உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்த்து, ஒன்றிரண்டைப் பிளந்து உள்ளே மணிகள் நிறைந்துள்ளனவா என நோக்கிய பின்பே விலை கேட்பர். முன்பு வாயால் கேட்ட விலையை இன்று நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணுக் கருவி வழியாகக் கேட்கிறார்கள். ஆயினும் மாதிரிக்காய் கைக்கு வருவது நிற்கவில்லை. (ஏலம் என்னும் ஒரே சொல் இங்குச் சரக்கையும் குறிக்கிறது, விற்கும் முறையையும் குறிக்கிறது. பின்னது போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல் என்பர்.)

நிறம் வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்கும் குற்றமும் உண்டு. அது தடை செய்யப்பட்டது. கலையுலகிலும் இதற்கு இணையான சாயம் இருக்கிறது. அச்சிட்ட படியைக் கையால் எழுதிய மூலம் போலக் காட்டுவது ஒன்று. புகைப்படத்தின்மேல் வண்ணம் பூசிவிட்டு அதைச் சொல்லாதிருப்பது மற்றொன்று. அச்சுப்படி விற்பதில் இழிவு எதுவும் இல்லை. 1894ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களைப் படியெடுத்து வீடுதோறும் சேர்த்தவர் இரவிவர்மா. படி என்று சொல்லியே விற்க வேண்டும், அவ்வளவுதான்.

பொருளின் இயல்பைச் சொல்வதும் கலைஞரின் கடமையே. நீர்வண்ண ஓவியத்தை வெயில் படும் சுவரில் மாட்டினால் வண்ணம் மங்கும். போடிமெட்டு வழியாக மூணாறு செல்வோர் மலைக்காட்சிப் படம் ஒன்றை வாங்கி, ஏலத்தோட்டத்து வீட்டில் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அங்கே மழைக்காலத்தின் ஈரம் காகிதத்தில் பூஞ்சணம் பூக்கச் செய்யும். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டுச் சட்டமிட வேண்டும் என்பதை விற்கும்போதே எடுத்துரைத்தால், வாங்கியவர் ஈராண்டு கழித்துக் கெட்ட படத்தோடு வாசலில் வந்து நிற்க மாட்டார். அவ்வாறு ஒருவர் வந்துவிட்டாலோ, வழக்காடுவதற்கு முன் படத்தை வாங்கிப் பாருங்கள். பழுது உங்கள் வேலையில் இருந்தால் செப்பனிட்டுக் கொடுங்கள். அவருடைய சுவரில் இருந்தால் அதையும் அமைதியாகச் சொல்லுங்கள்.

ஒருவர் சொல்லிச் செய்யும் ஓவியத்தில்தான் பிணக்குகள் பெரிதும் எழுகின்றன. என்ன அளவு, எந்தச் சுவர், எந்நாளில் வேண்டும், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பவற்றைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி, அச்சாரம் பெற்றுக்கொண்டு, இரு திறத்தாரும் கையெழுத்திடுவது நன்று. நாள் தவறும் என்று தெரிந்தவுடன், அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். இதில் சட்ட நுட்பம் ஒன்றும் உண்டு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் தாமே எழுதி விற்ற படத்தின் பதிப்புரிமை, எழுதிக் கொடுத்தாலன்றி வாங்கியவருக்குப் போய்விடுவதில்லை. ஆனால் ஒருவர் பொருள் கொடுத்து, அவர் வேண்டுகோளின்படி தீட்டப்பட்ட ஓவியத்திற்கு, வேறு உடன்படிக்கை இல்லாவிடின், கேட்டவரே முதல் உரிமையாளர் ஆவார். பின்னர் அவர் அதை நாட்காட்டியில் அச்சிட்டால் ஓவியர் தடுக்க இயலாது. இதை அறியாத ஓவியர் மிகப் பலர். அந்த ஒரு தாளில் ஒரு வரி சேர்த்திருந்தால் உரிமை தங்கியிருக்கும்.

இவ்வளவும் செய்தால், வாங்குவோர் விருப்பத்துக்கே கலை அடிமையாகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான அச்சமே. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் இதே அச்சத்தை எதிர்கொண்டவர்கள். 1960களில் அவர்களுடைய புதுமுறை ஓவியங்களை வாங்குவோர் மிகச் சிலரே. அதற்காக ஓவியத்தை மாற்றிக்கொள்ள அவர்கள் உடன்படவில்லை. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை, வாங்குவோர் விரும்பும் வண்ணம் செய்து விற்றார்கள். அவ்வருவாயின் துணையால் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். துணி வாங்க வந்தவருக்கு நிறத்திலும் அளவிலும் விட்டுக்கொடுத்தார்கள். தம் ஓவியத்தில் ஒரு கோட்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. எது வாடிக்கையாளருக்கு உரியது, எது தமக்கு உரியது என்ற எல்லை அவர்களுக்குத் தெளிவாயிருந்தது. அந்த ஆண்டுகளில்தான் பணிக்கர், பொதுமக்கள் எளிதில் படித்தறிய முடியாத எழுத்துகளும் கட்டங்களும் நிறைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையைத் தீட்டிக்கொண்டிருந்தார்.