கரி படிந்த முகம்

ஓவியத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில், அத்தேனியம் கலைக்கூடத்திலுள்ள ஓர் எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பார்ப்போம், வாருங்கள். ஏரோ யார்னெபெல்ட் என்பவர் 1893-இல் தீட்டியது. மரங்களை வெட்டிச் சாய்த்த நிலம் ஒன்று புகைந்துகொண்டிருக்கிறது. சிலர் நீண்ட கழிகளால் எரியும் கட்டைகளைப் புரட்டுகிறார்கள். மற்றவர்கள் வேலையில் மூழ்கியிருக்க, ஒரு சிறுமி மட்டும் உங்களையே நேராகப் பார்க்கிறாள். முகமெல்லாம் கரி.

காட்டை ஏன் கொளுத்தவேண்டும்? குளிர் நாட்டில் உதிர்ந்த சருகு எளிதில் மக்காது. ஊசியிலைக் காட்டின் மண்ணில் அமிலத்தன்மையும் அதிகம். சத்துக்களில் பெரும்பங்கு மரத்திலும் சருகிலும் அடைபட்டுக் கிடக்கும். நெருப்பு அதை ஒரே நாளில் விடுவித்துவிடுகிறது! பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவை சாம்பலில் தங்குகின்றன. சாம்பல் காரத்தன்மை உடையது. ஆகவே மண்ணின் அமிலத்தன்மை தணிகிறது. நைட்ரஜன் மட்டும் பெரும்பாலும் புகையோடு போய்விடும். சாம்பல் படிந்த மண்ணில் ரை என்னும் தானியத்தை விதைப்பார்கள். முதல் விளைச்சல் அமோகமாக இருக்கும். ஆனால் சில அறுவடைகளிலேயே சத்து தீர்ந்துவிடும். பிறகு நிலத்தைப் பல ஆண்டுகள் காட்டுக்கே விட்டுவிட வேண்டியதுதான். பின்னிய மொழியில் இம்முறைக்குக் 'காஸ்கி' என்று பெயர்.

இப்போது அச்சிறுமியின் வயிற்றைக் கவனியுங்கள். உப்பியிருக்கிறது அல்லவா? வயிறார உண்டதால் என்று நினைத்துவிடாதீர்கள்! உணவில் புரதம் வெகுவாகக் குறைந்தால், இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதமும் குறையும். இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பதில் இதற்குப் பெரும் பங்குண்டு. அது குறைந்தால் நீர் கசிந்து திசுக்களில் தேங்கும், உடல் வீங்கும். ஓவியத்திலிருந்து நோயைத் தீர்மானிக்க முடியாதுதான். எனினும் பார்ப்பவர்கள் இதைப் பட்டினியின் அடையாளமாகவே கொள்கிறார்கள். அது வியப்பும் அல்ல. 1866 முதல் 1868 வரை நீடித்த பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் சுமார் 8 சதவீதம் பேர் மாண்டார்கள். கோடையில் ஓரிரவு உறைபனி விழுந்தால் போதும், பயிர் கருகிவிடும்.

ஓவியர் லாபின்லாத்தி என்ற ஊருக்கே சென்று, உண்மையான குடியானவர்களைப் பார்த்து இதை வரைந்தார். புகைப்படங்களையும் துணைக்கு வைத்துக்கொண்டார். பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைப்போர் என்று பொருள்படும் தலைப்பும் இதற்கு உண்டு. எரிக்கும் மரத்தை விற்றால் நல்ல விலை என்ற நிலை வந்தபிறகு, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஸ்கி ஏறக்குறைய மறைந்துபோயிற்று.